போட்டோ போடணுமா, வேண்டாமா? ஒரே ரெஸ்யூமேவுக்கு ஆளுக்கொரு அறிவுரை ஏன்?

பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவு கொடுத்த மாதிரியில், வலது மேல் மூலையில் கடப்பிதழ் அளவுப் படம் ஒட்ட ஒரு கட்டம் இருக்கிறது. தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அக்கா, "அந்தப் படத்த மொதல்ல எடு" என்கிறார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருபது வருடமாகச் சூப்பர்வைசராக இருக்கும் மாமாவோ, "ஐசி நம்பர், இனம், மதம் எல்லாம் இருந்தாத்தான் அது முழு ரெஸ்யூமே" என்கிறார். கைப்பேசியைத் திறந்தால் அமெரிக்க உச்சரிப்பில் ஒருவர், "ஒரு பக்கத்தைத் தாண்டினால் நேராகக் குப்பைத்தொட்டிதான்" என்று மிரட்டுகிறார்.

இதில் யார் சொல்வதைக் கேட்பது?

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பெரும்பாலும் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாம் பார்த்த ஒரு முதலாளியை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மாமாவுக்குத் தெரிந்தது தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த பழைய விண்ணப்பப் பாரம். அக்காவுக்குத் தெரிந்தது சிங்கப்பூர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு. காணொளிக்காரருக்கு ஜொகூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அறிவுரை மோதும்போது "எது சரி" என்று கேட்டால் விடை கிடைக்காது. "இது யார் படிக்கப்போகும் ரெஸ்யூமேவுக்கான அறிவுரை?" என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி வேறு. அது ரெஸ்யூமே சம்பந்தப்பட்டதே இல்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

ஜொகூரில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

கோலாலம்பூரில் வேலை தேடுபவருக்கு ஏறக்குறைய ஒரே சந்தை. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் பக்கம் இருப்பவருக்கு அப்படி இல்லை. ஒரே காலைப் பொழுதில் செனாயில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கும், உட்லண்ட்ஸில் உள்ள ஒரு தளவாட நிறுவனத்துக்கும், பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பதிவுக்கும் விண்ணப்பித்துவிடலாம். மூன்று இடமும் மூன்று வகை. இரண்டு நாட்டுச் சட்டம், இரண்டு வகைப் பழக்கம்.

இந்தக் கலவை இன்னும் கூடத்தான் போகிறது. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. 3,571 சதுர கிலோமீட்டர் பரப்பு. முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார்ந்த வேலைகள் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் தடம் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் அளவில் கட்டப்பட்டுள்ளது. ஜொகூரில் அலுவலகம் திறக்கும் சிங்கப்பூர் நிறுவனம், சிங்கப்பூர்ப் பழக்கத்தையும் கையோடு கொண்டு வரும். அப்போது தாமான் உங்கு துன் அமினாவில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பித்தாலும், மறுமுனையில் அதைத் திறப்பவர் எந்த விதிப்படி படிக்கிறார் என்பது முகவரியைப் பார்த்துத் தெரியாது.

படம், இனம், மதம்: பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூரில் நியாயமான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பு ஒன்று 2006 முதல் இயங்குகிறது. டாஃபெப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத விவரங்களை, அதாவது வயது, இனம், மதம், திருமண நிலை, படம் போன்றவற்றை விண்ணப்பப் பாரத்தில் கேட்க வேண்டாம் என்பது அது முதலாளிகளுக்குச் சொல்லும் வழிகாட்டல். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும் அங்கே நிறைவேறியது. வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், மதம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. நடைமுறைக்கு வருவது படிப்படியாகத்தான். தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு.

ஆக, அக்கா சொன்னதற்குக் காரணம் நாகரிகம் மட்டும் அல்ல. நீங்களாகவே மதத்தையும் பிறந்த தேதியையும் எழுதி அனுப்பினால், கேட்கக்கூடாது என்று பழக்கப்பட்ட ஒரு அதிகாரியின் கையில், அவர் பார்க்க விரும்பாத ஒன்றைத் திணிக்கிறீர்கள். அதற்காக யாரும் உங்களை நிராகரிக்கமாட்டார்கள். ஆனால் "இவருக்கு இங்குள்ள பழக்கம் தெரியவில்லை" என்று நினைக்க இடம் உண்டு.

இந்தப் பக்கம்

மலேசியாவில் நிலைமை வேறு. இனம், மதம், படம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் கேட்பதைத் தனியார் துறையில் நேரடியாகத் தடுக்கும் சட்டம் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தன. அதில் சேர்ந்த 69எஃப் பிரிவு, பாகுபாடு தொடர்பான தகராறுகளை விசாரிக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்குத் தருகிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றி. இன்னும் வேலையில் சேராத, நேர்முகத்துக்கே அழைக்கப்படாத ஒருவர் அதைக் காட்டிப் புகார் செய்வது கடினம். அதனால்தான் பழைய பாரங்களில் "இனம், மதம், திருமண நிலை" என்ற வரிசை இன்னும் தாராளமாக உலவுகிறது. வேலைவாய்ப்புப் பிரிவுகள் தரும் மாதிரிகள் பலவும் அந்தப் பாரத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

கேட்டால் கொடுக்கலாம், கேட்காதபோது கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிறு, நடுத்தர நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்தில் படம் கேட்டிருந்தால் போடுங்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் வேலைகளுக்கு இங்கே அது சகஜம். மதத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கை, உடல்நலம், அரசியல் கருத்து போன்றவற்றை நுண்ணிய தரவு என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை முன்பின் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்க எந்த அவசியமும் இல்லை.

ஐசி எண் விஷயத்தில் மட்டும் நான் மாமாவுடன் உடன்பட மாட்டேன். அந்த 12 இலக்கங்கள் வெறும் எண் இல்லை. முதல் ஆறும் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். ஜொகூர் என்றால் பெரும்பாலும் 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வயதையும் பாலினத்தையும் எழுதாமல் கவனமாக ரெஸ்யூமே செய்துவிட்டு ஐசி எண்ணைப் போட்டால், மறைத்ததெல்லாம் ஒரே வரியில் வெளியே வந்துவிடும். மோசடிக்காரர்களுக்கும் அதுதான் தேவை. வேலை உறுதியாகி, ஒப்பந்தம் எழுதும்போது அதைக் கேட்பது நியாயம். நேர்முகத்துக்கு முன்னரே ஐசியின் முன்பக்கம், பின்பக்கம் படம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் பறிபோய்விட்டது என்றால் தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் எண் 997.

பெயரில் இருக்கும் ஏ/எல், ஏ/பி

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருவோம். நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஆனால் சத்தமாகக் கேட்காத கேள்வி இது: "பேர்ல ஏ/எல் போடாம விட்டா கூப்பிடுவாங்களா?"

கேள்வி வீண் பயத்தில் பிறந்தது இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் லீ ஹ்வோக் ஆன், முகமது அப்துல் காலிட் இருவரும் தீபகற்ப மலேசியாவில் ஒரு கள ஆய்வு நடத்தினார்கள். கற்பனையான புதிய பட்டதாரிகளின் ரெஸ்யூமேக்களை, மலாய்ப் பெயரிலும் சீனப் பெயரிலும், உண்மையான பொறியியல், கணக்கியல் சார்ந்த வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயர்களுக்கு நூற்றுக்கு 22.1 வீதம் அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர்களுக்கு 4.1. 2016-இல் ஆய்விதழில் வெளியான இந்த ஆய்வின் முக்கிய முடிவு: அழைப்பு வருவதில் ரெஸ்யூமேவின் தரத்தைவிட இனம் மிக அதிகமாகப் பங்கு வகித்தது. சீன மொழி தெரிந்தவர்களின் நிலை மேலாக இருந்ததையும் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

அந்த ஆய்வில் இந்தியப் பெயர்கள் இல்லை. 2019-இல் செண்ட்-ஜிபிஎஸ் என்ற ஆய்வு மையம் அதையும் சேர்த்தது. மலாய், சீன, இந்திய ஆண், பெண் என ஆறு பேர்; கூடவே முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண். ஒரே அளவிலான தகுதியுடன் ஏழு கற்பனை விண்ணப்பதாரர்கள், 547 வேலைகள், மொத்தம் 3,829 விண்ணப்பங்கள். இங்கும் சீனப் பெயர்கள் வெகுதூரம் முன்னே நின்றன. மலாய், இந்தியப் பெயர்கள் பின்தங்கின.

இது மலேசியாவின் தனிச் சொத்தும் இல்லை. அமெரிக்காவில் 2004-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், வெள்ளையர் பெயர் என்று தோன்றும் பெயர்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர் என்று தோன்றுபவற்றைவிட 50 விழுக்காடு அதிக அழைப்பு வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்சாதிப் பெயர்களைவிடத் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு வாய்ப்பு குறைந்தது தெரிந்தது.

இதைப் படித்து மனம் உடைந்துபோகச் சொல்லவில்லை. இதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. நாற்பது விண்ணப்பம் அனுப்பி ஒரு பதிலும் வராதபோது, "எழுத்துரு சரியில்லையோ, நிறம் சரியில்லையோ" என்று இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றுகிறோம். ரெஸ்யூமே அறிவுரை விற்பவர்களும் எல்லாத் தோல்வியையும் அந்தத் தாளின் தலையில்தான் போடுவார்கள். அப்போதுதானே அடுத்த அறிவுரைக்கு ஆள் வரும்? உண்மையில் எல்லாம் உங்கள் தாளின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

சரி, பெயரை என்ன செய்வது? ஏ/எல், ஏ/பி என்பது ஐசியில் வரும் பதிவு முறை. "மகன்", "மகள்" என்பதன் மலாய்ச் சுருக்கம். ரெஸ்யூமேவின் தலைப்பில் அது இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் பெயரும் தந்தை பெயரும் போதும். ஆனால் இணையப் பதிவு, அதிகாரப்பூர்வப் பாரம், சிங்கப்பூர் வேலை அனுமதி விண்ணப்பம் ஆகியவற்றில் ஐசியிலும் கடப்பிதழிலும் உள்ளபடியே எழுத வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், பாரத்தில் வேறு பெயர் என்றால் பின்னால் சரிபார்க்கும்போது சிக்கல் வரும்.

பெயரையே மாற்றி, தமிழர் என்று தெரியாத மாதிரி எழுதச் சொல்பவர்களும் உண்டு. அழைத்த பிறகு நேரில் பார்க்கத்தானே போகிறார்கள்? மறைத்துக்கொண்டு போய்ச் சேரும் இடத்தில் அதே ஆட்களுடன்தான் தினமும் வேலை செய்ய வேண்டியிருக்கும். இது அவரவர் முடிவு. வாடகை கட்ட வேண்டியவரிடம் கொள்கை பேச எனக்கு மனம் வராது.

"மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்ற வரி ஜொகூர் விளம்பரங்களில் நிறையக் கண்ணில் படும். சில வேலைகளுக்கு அது உண்மைத் தேவை. சீனாவிலிருந்து வந்த பொறியாளர்களுடன் நாள் முழுதும் பேச வேண்டியிருக்கும். சிலவற்றில் வேறு எதையோ சொல்லாமல் சொல்லும் வழி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை விவரத்தைப் படியுங்கள்: யாருடன் பேச, எந்த ஆவணம் படிக்க அந்த மொழி என்று சொல்லியிருந்தால் அது தேவை. "விரும்பத்தக்கது" என்று மட்டும் போட்டிருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். தமிழைக் குறிப்பிட மறக்க வேண்டாம். வங்கி, காப்புறுதி, மருத்துவமனை, வாடிக்கையாளர் சேவை போன்ற இடங்களில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் பேசுவது ஒரு தகுதி. "தமிழ்: பேச, எழுத நன்கு வரும், எஸ்.பி.எம். வரை பாடமாகப் படித்தது" என்று நிலையையும் சேர்த்து எழுதுங்கள்.

கோயில் வேலையை எழுதலாமா?

இதிலும் இரண்டு கட்சி. "மத, இன அமைப்புப் பெயரெல்லாம் வேண்டாம்" என்று ஒரு பக்கம். "தன்னார்வ வேலை இருந்தாத்தான் மதிப்பு" என்று இன்னொரு பக்கம். நம்மில் பலருக்குத் தன்னார்வ அனுபவம் கிடைப்பதே கோயில் இளைஞர் பகுதியில், ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகளில், மணிமன்றத்தில்தான். அதை வெட்டிவிட்டால் 22 வயதில் எழுதுவதற்கு வேறு என்ன மிச்சம்?

அமைப்பின் பெயரை முன்னே தள்ளாமல், செய்த வேலையை முன்னே வையுங்கள். "கோயில் இளைஞர் பகுதி உறுப்பினர்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "மூன்று நாள் விழாவுக்கு 30 தொண்டர்களின் வேலை அட்டவணை போட்டேன், அன்னதானச் செலவுக் கணக்கு வைத்தேன்" என்றால், கணக்கும் ஆள் மேலாண்மையும் தெரிந்தவர் என்று எந்த இனத்தவரும் புரிந்துகொள்வார். படிவம் ஐந்து மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை கணிதம் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். எண்ணிக்கை உங்களுடைய உண்மையான எண்ணிக்கையாக இருக்கட்டும்; நேர்முகத்தில் அதிலிருந்துதான் கேள்வி வரும்.

உணவகத்தில் பகுதிநேரம், மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம், அப்பாவின் கடையில் சனி ஞாயிறு நின்றது, இவையும் அனுபவம்தான். வெட்கப்பட்டு மறைத்துவிட்டு அந்த இடத்தில் "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" என்று எழுதுகிறோம். எல்லாரும் எழுதுவதால் அந்த இரண்டு சொல்லையும் யாரும் படிப்பதே இல்லை.

"கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுடும்"

ஏ.டி.எஸ். என்ற விண்ணப்ப மேலாண்மை மென்பொருளைப் பற்றிய பயம் இப்போது பரவலாக இருக்கிறது. "75 விழுக்காடு ரெஸ்யூமேக்களை மனிதர் பார்ப்பதற்கு முன்பே மென்பொருள் நிராகரித்துவிடும்" என்ற எண்ணைக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின்னால் முறையான ஆய்வு எதுவும் இல்லை. ரெஸ்யூமே சேவை விற்ற, பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்ட ஓர் அமெரிக்க நிறுவனம் வரை அதன் தடம் போய் நின்றுவிடுகிறது.

மென்பொருள் உண்மையில் செய்வது எளிமையானது. ஆவணத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், கல்வி, அனுபவம் என்று கட்டங்களில் போடும். அதிகாரி தேடும் சொல்லை வைத்து வரிசைப்படுத்தும். தானாகவே நிராகரிப்பு நடப்பது பெரும்பாலும் வேறு இடத்தில்: விண்ணப்பிக்கும்போது தோன்றும் கேள்விகளில். "சொந்த வாகனம் உண்டா?", "எத்தனை ஆண்டு அனுபவம்?", "ஷிஃப்ட் வேலை செய்ய முடியுமா?" அவசரத்தில் தவறான பொத்தானைத் தட்டியவருக்கு எந்த ரெஸ்யூமேவும் உதவாது.

வடிவமைப்புச் செயலிகளில் செய்யும் அழகான இரண்டு பத்தி ரெஸ்யூமே கெட்டதா? அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனை போதும். உங்கள் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, கைப்பேசியின் குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் ஒழுங்காக வந்தால் மென்பொருளுக்கும் ஒழுங்காகவே தெரியும். தொலைபேசி எண் காணாமல் போயிருந்தால், வேலை அனுபவமும் பொழுதுபோக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தால், அந்த வார்ப்பை விட்டுவிடுங்கள். திறமைகளுக்கு நட்சத்திரம் போடுவதும் வேண்டாம். "எக்செல்: ஐந்தில் நாலு நட்சத்திரம்" என்றால் யார் கொடுத்த மதிப்பெண் அது?

பி.டி.எஃப்.பா, வேர்டா என்பதிலும் ஒரு சின்னக் காரணம் உண்டு. நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினால் பி.டி.எஃப். நல்லது, எந்தக் கருவியில் திறந்தாலும் குலையாது. சிங்கப்பூர் ஆள்சேர்ப்பு முகவர்கள் பலர் வேர்டு கேட்பார்கள். உங்கள் தொடர்பு விவரத்தை எடுத்துவிட்டு, தங்கள் முத்திரைத் தாளில் மாற்றி வாடிக்கையாளருக்குக் காட்ட அது வசதி.

ஆறு வினாடி, ஒரு பக்கம்

"ஆறு வினாடிதான் பார்ப்பாங்க" என்பது 2012-இல் லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைத்தளம் 30 ஆள்சேர்ப்பாளர்களின் கண் அசைவைப் பதிவுசெய்து சொன்ன கணக்கு. 2018-இல் அதே நிறுவனம் மறுபடி செய்தபோது 7.4 வினாடி. அது முதல் பார்வைக்கான நேரம். பிடித்தால் திரும்ப வந்து நிதானமாகப் படிப்பார்கள். ஆகவே முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் உங்கள் படிப்பு, கடைசி வேலை, இந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு விஷயம் ஆகியவை இருக்க வேண்டும். ஆறு வினாடிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே.

ஒரு பக்கம் என்பது அமெரிக்கப் பழக்கம். புதிய பட்டதாரிக்கு இங்கும் அது போதும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர் இரண்டு பக்கம் எழுதினால் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். முடிவு முதல் எல்லாவற்றையும் அடுக்கி மூன்று பக்கம் ஆக்குவதுதான் தொல்லை. பட்டம் இருந்தால் எஸ்.பி.எம். ஒரு வரி. பட்டம் இல்லாதவருக்கு எஸ்.பி.எம்.தான் முதல் வரி.

அரசாங்க வேலைக்கு இந்தச் சண்டையே இல்லை

கூட்டரசுப் பொதுச் சேவைக்கு எஸ்.பி.ஏ.9 இணையப் பதிவு. ஜொகூர் மாநிலச் சேவைக்குத் தனியாக மாநிலப் பொதுச் சேவை ஆணையம் உண்டு. இரண்டிலும் முதல் சல்லடை பாரம்தான்: எஸ்.பி.எம். மலாய்மொழித் தேர்ச்சி, பாட முடிவுகள், பட்டம், அதன்பின் தேர்வு. அங்கே இனமும் மதமும் ஐசி எண்ணும் கேட்பார்கள், கொடுத்தே ஆகவேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அழகான ரெஸ்யூமே செய்ய எடுக்கும் நேரத்தைப் பாரத்தில் எழுத்துப்பிழை பார்க்கச் செலவிடுங்கள். பதிவு காலாவதியாகும் தேதியைக் குறித்துவையுங்கள். பதிவு செய்ததையே மறந்து போனவர்கள் ஏராளம்.

சம்பளம் எழுதலாமா?

"எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதாதே, பேரம் போச்சு" என்பது ஓர் அறிவுரை. ஆனால் வேலைத்தளங்கள் அதை எண்ணாகவே கேட்கின்றன. சிங்கப்பூர் என்றால் அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு: எந்த வகை அனுமதி கிடைக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. 2025 ஜனவரி முதல் புதிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி; 2025 செப்டம்பர் முதல் எஸ் பாஸுக்கு 3,300 வெள்ளி. நிதித்துறைக்கும் வயது கூடியவர்களுக்கும் இன்னும் அதிகம். இந்த வரம்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணை ரெஸ்யூமேவில் எழுத வேண்டாம், பாரத்தில் கேட்டால் எழுதுங்கள்.

அங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் விளையாட்டு அல்ல. 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பத்தில் காட்டும் பட்டத்துக்குச் சரிபார்ப்புச் சான்று தேவை. அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க" என்று சொல்லும் நண்பர் அந்த அபராதத்தில் பங்கு போடமாட்டார்.

எப்போது மாற்றுவது, எப்போது விடுவது?

வேலை கிடைத்தவர் சொல்லும் அறிவுரையில் ஒரு பொறி இருக்கிறது. "நான் நீலக் கட்டம் போட்டேன், உடனே கூப்பிட்டாங்க" என்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவருக்கு அந்தத் துறையில் ஆள் பஞ்சம் இருந்திருக்கலாம். உள்ளே தெரிந்தவர் இருந்திருக்கலாம். நீலக் கட்டத்துக்கு அதில் பங்கு இருந்ததா என்று அவருக்கே தெரியாது. நிராகரிக்கப்பட்டவருக்கும் காரணம் தெரிவதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இத்தனை அறிவுரைகளும் முளைக்கின்றன.

தினமும் மாற்றாதீர்கள். ஒரு தாளில் எங்கே, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில், எந்த வடிவத்தை அனுப்பினீர்கள் என்று குறித்துவையுங்கள். இருபது முப்பது அனுப்பி ஒரு அழைப்பும் இல்லை என்றால், எழுத்துருவைத் தொடுவதற்கு முன் விளம்பரங்களைத் திரும்பப் படியுங்கள். மூன்றாண்டு அனுபவம் கேட்ட இடங்களுக்கே எல்லாம் போயிருக்கிறதா? ஒரே தாளை எல்லா வேலைக்கும் அனுப்பினீர்களா? அடுத்து, அந்தத் துறையில் ஆள் எடுக்கும் ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். பத்துப் பேரிடம் காட்டினால் பத்து அறிவுரைதான் கிடைக்கும். அப்படி ஒருவரைத் தெரியாது என்றால், பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்திலும் அதன் வேலைவாய்ப்புச் சந்தைகளிலும் உதவி கிடைக்கும். வேலை தேடுவோருக்கு அது இலவசம். நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்து எழுதிவாங்குவதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள்.

நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் வேலை கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. உங்கள் ரெஸ்யூமே தன் வேலையைச் செய்துவிட்டது. படம் இருந்ததா, இரண்டு பக்கமா என்று இனிமேல் யாரும் பார்க்கப்போவதில்லை. அந்தக் கோப்பை மூடிவைத்துவிட்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். அக்காவை எதிரே உட்காரவைத்தால் இன்னும் நல்லது.